குய்லின்: மலைமேல் எழுதியவர்கள்

சனிக்கிழமை இரவு, குய்லின்

சீனாவின் குவாங்ஜோ தெற்கு நிலையத்தில் ஏறி உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் பாதி தூரம் கடந்திருந்தது. 2014 டிசம்பரில் இந்த அதிவேக ரயில் பாதை திறந்த பிறகு குவாங்ஜோவிலிருந்து குய்லினுக்கு மூன்று மணி நேரம் போதும். ஜன்னலோர இருக்கைக்கு மட்டும் யாரும் சண்டை போடவேண்டாம். வழியில் பெரும்பகுதி சுரங்கம்தான். இருட்டு, கண் சிமிட்டுகிற நேரம் ஒரு நெல்வயல், மறுபடி இருட்டு. அப்படி ஓர் இடைவெளியில்தான் முதல் மலையைப் பார்த்தேன். அடிவாரம் என்று ஒன்று இல்லை. சமதரையிலிருந்து செங்குத்தாகக் கிளம்பி, உச்சிவரை பச்சை போர்த்திக்கொண்டு தனியாக நின்றது. இன்னது என்று புரிவதற்குள் அடுத்த சுரங்கம் வந்துவிட்டது.

மகன் குவாங்ஜோவில் வேலை பார்க்கிறான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. "அக்டோபர் முதல் வாரம் மட்டும் வேணாம்மா, தேசிய தின லீவு, நாடே ரோட்டுலதான் இருக்கும்" என்று சொல்லி, மாத நடுவில் என்னையும் என் கணவரையும் அனுப்பி வைத்தான். போனில் பணம் செலுத்த அலிபே, மொழிபெயர்ப்புச் செயலி, வரைபடம் மூன்றையும் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். ரொக்கம் செல்லாது என்றில்லை. நோட்டை நீட்டினால் கடைக்காரர் சில்லறைக்காகப் பக்கத்துக் கடைக்கு ஓடவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இறங்கியதும் முதலில் வந்தது வாசனை. ஒஸ்மாந்தஸ் மரங்கள் தெருவெல்லாம் பூத்திருக்கின்றன. மிளகளவு மஞ்சள் பூ, இலைக்கு நடுவே தேடினால்தான் தெரிகிறது. மணம் மட்டும் தெருமுனை வரை வருகிறது. குய்லின் என்ற பெயரே இந்த மரங்களால் வந்தது. நாங்கள் சரியாக அவை பூக்கும் காலத்தில் வந்திருக்கிறோம்.

இரவு ஷான் ஏரியில் இரட்டைக் கோபுரங்களைப் பார்த்தோம். ஒன்று பொன்னிறம், ஒன்று வெள்ளி. சூரியக் கோபுரம் முழுக்கச் செம்பு வேய்ந்தது, 41 மீட்டர் உயரம். படத்தில் பார்த்தால் ஆயிரம் வருடப் பழமை போலிருக்கும். உண்மையில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. அழகுதான், ஆனால் அதற்காக இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை.

ஞாயிறு, குய்லின்

காலைச் சாப்பாடு குய்லின் மிஃபன், அதாவது அரிசி நூடுல்ஸ். இந்த ஊர்க்காரர்கள் இதை மூன்று வேளையும் சாப்பிடுவார்களாம். அளவை எடைக்கணக்கில் சொல்லவேண்டும்: இரண்டு லியாங் அல்லது மூன்று லியாங். (ஒரு லியாங் 50 கிராம்.) வெந்நீரில் முக்கியெடுத்த நூடுல்ஸில் எலும்பும் மசாலாவும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்புச் சாறு ஒரு கரண்டி, மேலே மொறுமொறுவென்று பொரித்த பன்றி இறைச்சி. வறுத்த கடலை, புளிக்கவைத்த பயறங்காய், மிளகாய் எல்லாம் தனி மேஜையில் இருக்கின்றன, நாமே போட்டுக்கொள்ளலாம். முதலில் உலர்வாகக் கலந்து சாப்பிட்டுவிட்டு, கடைசியில் கொஞ்சம் மிச்சம் வைத்து அதில் சூப்பை ஊற்றிக் குடிக்கவேண்டும். நான் சைவம். அந்தச் சாறு வேண்டாம் என்று செயலியில் எழுதிக் காட்டினேன். கடைக்கார அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டு மடங்கு கடலை போட்டுக் கொடுத்தார். சைவர்கள் கவனிக்கவும்: இறைச்சி வேண்டாம் என்றால் மட்டும் போதாது, சாற்றையும் வேண்டாம் என்று சொல்லவேண்டும்.

பிறகு ஜிங்ஜியாங் இளவரசர் அரண்மனை. மிங் வம்சத்தின் முதல் பேரரசர் தன் அண்ணன் பேரனுக்குக் கொடுத்த ஊர் இது. அரண்மனை வேலை 1372-இல் தொடங்கியது. பெய்ஜிங்கின் அரண்மனை நகரத்துக்கு அடிக்கல் விழுந்தது 1406-இல்தான். பதினான்கு இளவரசர்கள் இங்கே இருந்து ஆண்டார்கள். 1652-இல் எல்லாம் எரிந்துபோனது. மதில் தப்பியது. அடுத்து வந்த சிங் வம்ச காலத்தில் உள்ளே அரசுப் பதவிக்கான மாகாணத் தேர்வு மண்டபம் வந்தது. 1921-இல் சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட்-சென் வடக்கு நோக்கிய படையெடுப்புக்கு இங்கே முகாம் போட்டார். இப்போது குவாங்ஷி நார்மல் பல்கலைக்கழகத்தின் வளாகம். பழைய மதிலுக்குள்ளே மாணவர்கள் காதில் இயர்போனோடு வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வாசல் வளைவில் பெரிதாக ஒரு கல்வெட்டு. சென் ஜிச்சாங் என்ற உள்ளூர்க்காரர் மாகாணத் தேர்வு, தலைநகரத் தேர்வு, அரண்மனைத் தேர்வு மூன்றிலும் முதலிடம் வாங்கியதற்காக வைத்தது. கடைசித் தேர்வு 1820-இல். சிங் வம்சம் ஆண்ட ஏறக்குறைய 270 ஆண்டுகளில் அப்படி மூன்றிலும் முதலில் வந்தவர்கள் இரண்டே பேர். உள்ளே பழைய தேர்வு அறை மாதிரி சின்னச் சின்னத் தடுப்புகள் போட்டு, சுற்றுலா வந்தவர்களை உட்காரவைத்துப் பரீட்சை நடத்துகிறார்கள். இவர் உட்காரவே மாட்டேன் என்றுவிட்டார். "டிபார்ட்மென்ட் எக்ஸாம் எழுதினதே போதும்."

வளாகத்தின் நடுவில் துஷியூ சிகரம். 66 மீட்டர்தான் உயரம், 306 படிகள், ஆனால் ஏணி மாதிரிச் செங்குத்து. மேலே ஏறினால் ஊர் முழுக்கத் தெரிகிறது. கட்டடங்களுக்கு நடுவே எங்கெங்கோ மலை முளைத்திருக்கிறது. எனக்கு உச்சியைவிட அடிவாரம்தான் பிடித்தது. பாறையெங்கும் எழுத்து. குய்லினின் மலையும் நீரும் உலகிலேயே முதலிடம் என்று ஒரு வரி உண்டு. ரயில் நிலையம் தொடங்கி ஓட்டல் துண்டு வரை அதைத்தான் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அந்த வரி இங்கேதான் இருக்கிறது. 1201-இல் வாங் ஜெங்கோங் என்ற அதிகாரி, தேர்வில் தேறித் தலைநகரம் போகவிருந்த மாணவர்களுக்கு விருந்து வைத்து, அந்த விருந்தில் பாடிய கவிதையின் வரி. உங்கள் ஊர் மலை எப்படி முதலிடமோ நீங்களும் அப்படி முதலிடம் வாங்குங்கள் என்ற பொருளில் பாடியிருக்கிறார். பாறையில் வெட்டிய அந்த எழுத்தைச் சுண்ணாம்புக் கசிவு மூடிவிட்டது. 1983-இல்தான் மறுபடி கண்ணில் பட்டது. ஊரின் விளம்பர வாசகம் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொன்ன வாழ்த்து என்பது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மாலையில் யானைத் தும்பிக்கைக் குன்று. லி ஆறும் தாவ்ஹுவா ஆறும் சேருமிடத்தில் ஒரு யானை தண்ணீர் குடிக்கிறது. தும்பிக்கைக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள வட்டக் குகைக்கு 'நீர்நிலா' என்று பெயர். இந்தப் பெயருக்கு ஒரு சண்டை நடந்திருக்கிறது. 1166-இல் ஜாங் ஷியாவ்ஷியாங் என்ற ஆளுநர் இதற்கு 'காலைக் கதிர்க் குகை' என்று புதுப்பெயர் சூட்டி, பாறையில் வெட்டிவைத்துவிட்டுப் போனார். 1173-இல் பதவிக்கு வந்த ஃபான் செங்தா, வேறு இடத்தில் அந்தப் பெயரில் குகை இருக்கிறதே, பழைய பெயர்தான் சரி என்று, அதே குகையில் மறுப்பை வெட்டிவைத்தார். இரண்டு வெட்டுகளும் ஒரே குகைச் சுவரில் இருக்கின்றன. கோப்பில் போடவேண்டிய குறிப்பைக் குன்றில் போட்டிருக்கிறார்கள்.

திங்கள், குய்லின்

இன்று ஒரே இடம், ஏழு நட்சத்திரப் பூங்கா. நாணல்குழல் குகையையும் இன்றே பார்க்க நினைத்திருந்தோம், முடியவில்லை. காரணம் ஒரு கல்.

பூங்காவின் உள்ளே லோங்யின் குகையும் அதைச் சுற்றிய பாறைகளும் முழுக்கக் கல்வெட்டு. தாங் வம்ச காலம் (7–10-ஆம் நூற்றாண்டு) தொடங்கிச் சிங் காலம் வரை. பேப்பர் தீர்ந்துபோன ஊரோ என்று தோன்றும். அந்தக் குகையின் சுவரில் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கிறது. 309 பெயர்கள்.

சோங் பேரரசர் ஹுய்சோங்கின் அமைச்சர் சாய் ஜிங், தன் கொள்கைக்கு எதிராக முன்பு நின்றவர்கள் எல்லாரையும் கயவர் கூட்டம் என்று பட்டியல் போட்டார். வரலாற்றாசிரியர் சீமா குவாங் அதில் இருக்கிறார். கவிஞர் சூ ஷி இருக்கிறார். இருவரும் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள் என்பது பொருட்டில்லை. பட்டியலில் உள்ளவர்களின் வாரிசுகளுக்குப் பதவி கிடையாது. பட்டியலைக் கல்லில் வெட்டி நாடெங்கும் நிறுத்தச் சொல்லி உத்தரவு. 1106-இல் வானத்தில் வால்நட்சத்திரம் தோன்றியது. பேரரசர் பயந்துபோய், எல்லாக் கற்களையும் உடைக்கச் சொன்னார்.

அப்படியென்றால் இந்தக் கல் எப்படி இங்கே? இது 1198-இல் வெட்டியது. பட்டியலில் இருந்த லியாங் தாவ் என்பவரின் கொள்ளுப்பேரன் அப்போது குய்லினில் அதிகாரியாக இருந்தார். அதற்குள் காலம் மாறி, அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதே குடும்பத்துக்குக் கௌரவம் என்று ஆகியிருந்தது. வீட்டில் வைத்திருந்த நகலைக் கொண்டு, சாய் ஜிங் எழுதிய தலைப்பு எழுத்தோடு சேர்த்து, இந்தப் பாறையில் வெட்டவைத்தார். அவமானப்படுத்த எழுதியவனின் கையெழுத்தும் இப்போது அதே சுவரில் சாட்சியாக மாட்டிக்கொண்டிருக்கிறது.

நான் சீன எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாதவள். போனைத் தூக்கிப் பிடித்தால் செயலி தப்பும் தவறுமாகப் பெயர்களை உதிர்க்கிறது. பக்கத்தில் நின்ற வயதான ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, சூ ஷியின் பெயர் இருக்கும் இடத்தை விரலால் காட்டினார். தொடாமல், காற்றிலேயே. பிறகு இவர் கையைப் பிடித்துச் சீமா குவாங் பெயர் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனார். அவர் பேசியது எங்களுக்குப் புரியவில்லை. நாங்கள் தலையாட்டியது அவருக்குப் போதுமாக இருந்தது.

இதே பூங்காவில் இன்னொரு இடமும் உண்டு. 1944 நவம்பரில் ஜப்பானியப் படை குய்லினைப் பிடித்தபோது, ஏழு நட்சத்திரக் குகைக்குள் இருந்த 800-க்கும் மேற்பட்ட சீனப் படைவீரர்களை நச்சுவாயுவாலும் தீயாலும் கொன்றது. குன்றின்மேல் அவர்களுக்கு நினைவுச் சமாதி இருக்கிறது. ஊரும் அந்தப் போரில் ஏறக்குறைய முழுதாக அழிந்தது. குய்லினில் பழைய தெரு எங்கே, பழைய வீடு எங்கே என்று தேடி ஏமாறுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மலைகளும் மலைமேல் இருந்த எழுத்துகளும்தான் மிஞ்சின.

செவ்வாய், யாங்ஷுவோ

இன்று லி ஆற்றில் படகுப் பயணம். குய்லினிலிருந்து யாங்ஷுவோ வரை ஆற்றுவழி 83 கிலோமீட்டர். படகுத்துறை நகரத்துக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல். ஏ.சி. போட்ட பெரிய படகு. வரிசையாகப் பத்துப் பதினைந்து படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன. ஒலிபெருக்கி ஓயவில்லை. சாப்பாடு சுமார். இவ்வளவு குறையையும் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்: மாடித்தளத்துக்குப் போய் நின்ற பத்தாவது நிமிடம் எல்லாக் குறையும் மறந்துவிட்டது.

கடலடியில் படிந்த சுண்ணாம்பு மேலெழும்பி, மழை அதைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்து, கரையாமல் நின்றவைதான் இந்தச் சிகரங்கள். தனித்தனியாக நிற்பவற்றைச் சிகரக் காடு என்றும், அடியில் ஒட்டிக்கொண்டு நிற்பவற்றைச் சிகரக் கொத்து என்றும் பிரிக்கிறார்கள். 2014-இல் யுனெஸ்கோ, தென்சீனக் கார்ஸ்ட் (சுண்ணாம்புக்கல் கரைந்து உருவான நிலம்) என்ற உலகப் பாரம்பரியத் தலத்தில் குய்லினையும் சேர்த்தது. ஆறு வளையும் ஒவ்வொரு முறையும் முன்னால் இருந்த மலை பின்னால் இருந்த மலையைத் திறந்து காட்டுகிறது. ஃபான் செங்தா (அதே குகைச் சண்டைக்காரர்தான்) இந்த மலைகளை வரைந்து சூஜோவிலிருந்த நண்பர்களுக்கு அனுப்பினாராம், ஒருவரும் நம்பவில்லையாம். நானும் சீன ஓவியங்களைப் பார்த்து, ஓவியர் கற்பனை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

ஒன்பது குதிரை மலை வந்ததும் படகே ஒரு பக்கம் கூடியது. பாறைமுகத்தில் கறையும் வெளுப்புமாகக் குதிரை உருவங்கள் தெரியும் என்கிறார்கள். ஏழு குதிரை கண்டால் தேர்வில் இரண்டாமிடம், ஒன்பதும் கண்டால் முதலிடம் என்று உள்ளூர்ப் பாட்டு. இங்கேயும் பரீட்சை! எனக்கு மூன்று தெரிந்தது. இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "அது கரும்பாசி" என்றார்.

ஷிங்பிங் பக்கம் வந்தபோது எல்லாரும் 20 யுவான் நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டிப் படம் பிடித்தார்கள். நோட்டில் உள்ள காட்சி இதுதான். கரையில் பழக்கிய நீர்க்காகங்களோடு மூங்கில் தெப்பத்தில் நிற்கிற தாத்தாக்கள் மீன் பிடிக்கவில்லை, காசுக்குப் படம் பிடிக்க நிற்கிறார்கள். அதிலொன்றும் தப்பில்லை.

யாங்ஷுவோவின் மேற்குத் தெரு இரவில் வெறும் சத்தம். பியர் மீன் என்று ஒன்று பிரபலம். கெண்டையைப் பொரித்துத் தக்காளி, மிளகாய், பியர் விட்டு வேகவைப்பது. இவர் மூன்றாவது துண்டுக்கு மேல் பேசவில்லை. நான் சோறும் கத்தரிக்காயும்.

புதன், குய்லின்

காலையில் யாங்ஷுவோ பக்கத்து யூலோங் ஆற்றில் தெப்பம். லி ஆற்றில் தெப்பம் என்று ஓடுபவை பிளாஸ்டிக் குழாயை அடுக்கி மோட்டார் வைத்தவை. இங்கே நிஜ மூங்கில், நிஜக் கழி. வழியில் குட்டிக் குட்டித் தடுப்பணைகள், ஒவ்வொன்றிலும் தெப்பம் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கும்போது கால் நனைகிறது. 1412-இல் கட்டிய யூலோங் பாலத்தின் ஒற்றை வளைவைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் குய்லின் திரும்பினோம்.

நாளை எங்கே என்பதில் சின்ன வாக்குவாதம். எனக்கு லோங்ஜி படிவயல் பார்க்க ஆசை. இவர் ஒரே பிடியாகக் கால்வாய் என்கிறார். முப்பத்து மூன்று வருடம் பொதுப்பணித் துறையில் இருந்த மனிதரிடம் தண்ணீர் விஷயத்தில் ஜெயிக்க முடியாது.

வியாழன், ஷிங்-ஆன்

ஷிங்-ஆன், குய்லினுக்கு வடக்கே 60 கிலோமீட்டர் போல இருக்கும். லிங்ச்சூ கால்வாய் இங்கே இருக்கிறது. முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் தெற்கே படை அனுப்பினார். மலைத்தொடரைத் தாண்டி அரிசி கொண்டுபோக வழியில்லை. ஷி லூ என்ற அதிகாரி கி.மு. 214-இல் ஒரு கால்வாய் வெட்டி முடித்தார். வடக்கே ஓடி யாங்சியில் சேரும் ஷியாங் ஆறும், தெற்கே ஓடி முத்து ஆற்றில் சேரும் லி ஆறும் இந்த இடத்தில் நெருங்கி வருகின்றன. இரண்டையும் 36.4 கிலோமீட்டர் கால்வாயால் இணைத்துவிட்டார்கள்.

ஆற்றின் நடுவே கலப்பை முனை போல ஒரு கற்கட்டு, தண்ணீரைப் பிளக்கிறது. ஷியாங் பக்கம் ஏழு பங்கு, லி பக்கம் மூன்று பங்கு. முனைக்குப் பின்னால் இரண்டு கலிங்குகள், பெரியது 344 மீட்டர், சின்னது 130 மீட்டர். வெள்ளம் வந்தால் உபரி நீர் அதன்மேல் வழிந்து ஷியாங்கின் பழைய படுகையில் போய்விடும், கால்வாய்க்கு ஆபத்தில்லை. "முக்கொம்புல நிக்கற மாதிரியே இருக்கு" என்றவர், அதற்குப்பிறகு என்னை மறந்துவிட்டார். கலிங்கின் சரிவில் கற்பலகைகளைச் செங்குத்தாக, மீன் செதில் அடுக்கில் நட்டிருக்கிறார்கள். "பாரு, தண்ணி கொண்டுவர்ற மணலே இடுக்குல எறங்கி கல்லை இறுக்கிடும். வெள்ளம் வர வர கெட்டியாகும்." அடியில் பைன் மர முளைகள் அடித்திருக்கிறார்களாம். அந்தத் தகவல் பலகையை இவர் நாலு கோணத்தில் படம் பிடித்தார்.

கால்வாயில் ஏற்ற இறக்கம் இருக்குமே, படகு எப்படிப் போகும் என்று கேட்டேன். இடைவெளி விட்டு வாயில்கள். கரையிலிருந்து இரண்டு பக்கமும் அரைவட்டக் கல் திட்டு. நடுவே கழியும் பாயும் வைத்து அடைத்துத் தண்ணீரைத் தேக்கி, நீர்மட்டம் ஏறியதும் திறந்து படகை விடுவார்கள். தாங் காலத்தில் 18 வாயில்கள் இருந்தன, சோங் காலத்தில் 36 ஆயின. 1930-களில் சாலையும் ரயிலும் வந்த பிறகுதான் படகுகள் நின்றன. இன்றும் வயலுக்கு நீர் போகிறது. 2018-இல் உலகப் பாரம்பரியப் பாசனக் கட்டமைப்புகளில் ஒன்றாக இதைச் சேர்த்தார்கள்.

கரையோரம் நால்வர் கோயில். ஷி லூவுக்கும், பிற்காலத்தில் கால்வாயைச் செப்பனிட்ட மூன்று பேருக்கும் வைத்தது. உள்ளே ஒரு பழைய மரம், சிங் காலக் கல்வெட்டு ஒன்றைப் பாதிக்குமேல் விழுங்கி வைத்திருக்கிறது. வேரும் பட்டையும் கல்லைச் சுற்றி வளர்ந்து மூடிவிட்டன.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் இந்த வாரம் பார்த்த பெயர்களெல்லாம் எனக்கு ஒரு வரிசைக்கு வந்தன. குய்லின் அன்றைக்குத் தென்கோடி எல்லை. தலைநகரத்திலிருந்து பதவி கொடுத்தோ, பிடிக்காமல் தள்ளிவிட்டோ அனுப்பப்பட்ட ஆட்கள், வடக்கேயிருந்து இந்த ஷிங்-ஆன் வழியாகத்தான் வந்தார்கள். ஃபான் செங்தா இந்தக் கால்வாயைப் பற்றிக் குறிப்பே எழுதியிருக்கிறார். பார்த்துப் பழக்கமில்லாத மலை, பேச ஆளில்லாத ஊர், கையில் எழுத்து. பாறையில் எழுதாமல் என்ன செய்வார்கள்? முதலிடம் என்று பாராட்டியவர்களெல்லாம் வெளியூர்க்காரர்களாகவே இருப்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். அரிசிக்கு வெட்டிய வழியில் கவிஞர்கள் வந்திருக்கிறார்கள். லோங்ஜி போகாத வருத்தம் எனக்குப் போய்விட்டது. இதை இவரிடம் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் எண்ணெய்த் தேநீர் குடித்தோம். இது குய்லின் பக்கத்துக் கோங்செங் மாவட்டத்துப் பழக்கம். தேயிலையை இஞ்சி பூண்டோடு எண்ணெயில் வதக்கி, இடித்து இடித்துக் கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு, மேலே பொரியும் வறுத்த கடலையும் தூவித் தருகிறார்கள். முதல் கிண்ணம் கசப்பு, இரண்டாவது துவர்ப்பு, மூன்றாவதிலிருந்துதான் ருசி என்று உள்ளூர்ச் சொல். நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன், பொரியை மட்டும் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினேன்.

போக நினைப்பவர்களுக்கு: குய்லினிலிருந்து ஷிங்-ஆன் வடக்கு நிலையத்துக்கு அதிவேக ரயில் இருக்கிறது, அரை மணி நேரம்கூட ஆகாது. பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள். வெளிநாட்டவருக்குத் தானியங்கிக் கதவு திறக்காவிட்டால் ஊழியர் நிற்கும் வரிசைக்குப் போகவேண்டும். நிலையத்திலிருந்து கால்வாய்ப் பூங்காவுக்கு டாக்சி. அரை நாள் போதும். கூட வருபவர் பொறியாளர் என்றால் முழு நாள் ஒதுக்கிவிடுங்கள்.